புண்ணைக் கழுவுதல்: மருந்துக்கு முன்னே தண்ணீர்

பதிற்றுப்பத்தில், சேரன் செங்குட்டுவனைப் பரணர் பாடிய ஐந்தாம் பத்தில், 42-ஆம் பாட்டில் ஓர் உவமை வருகிறது. போரில் கிழிபட்ட மார்பை நீளமான வெள்ளூசியால் தைக்கிறார்கள். அந்த ஊசி சதைக்குள் போய் வெளியே வருவது, மீனைத் தேடிக் குளத்தில் முங்கி எழும் சிரல் பறவையைப் போல இருக்கிறதாம். சிரல் என்றால் மீன்கொத்தி. அறுவை மருத்துவம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தையல் போடும் கையின் அசைவை இதைவிடச் சரியாகச் சொன்ன வரியை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. புறநானூற்றில் அரிசில் கிழாரின் பாட்டு ஒன்று (281) புண்பட்ட வீரன் கிடக்கும் வீட்டைக் காட்டுகிறது. வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, நறும்புகை எழுப்பி அவனைக் காக்கிறார்கள்.

ஊசி இருந்தது, புகையும் இருந்தது. தைப்பதற்கு முன் புண்ணைக் கழுவினார்களா, தைத்த கை கழுவிய கையா என்று பாட்டு சொல்லவில்லை. அதில் வியப்பில்லை. எந்த நாட்டு மருத்துவரும் அதைக் காரணத்தோடு சொல்வதற்கு 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

நிற்க. சில ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்க தில்லிக்கு வந்தார். இருபது வருஷச் சர்க்கரை நோய். மே மாத வெயிலில் ஒரு கோயில் பிராகாரத்தைச் செருப்பில்லாமல் சுற்றியிருக்கிறார். உள்ளங்காலில் கொப்புளம். அவருக்கு அது தெரியவேயில்லை. சாயங்காலம் மருமகள்தான் தரையில் ஈரத்தடம் பார்த்து, "மாமா, கால்ல என்ன?" என்று கேட்டிருக்கிறார். முதலில் மஞ்சள். பிறகு கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் பவுடர். அது போதாதென்று ஐந்து நாள் மாத்திரை. பவுடர் மேலே பொருக்குத் தட்டிக் காய்ந்துவிட்டதால் ஆறிவிட்டது என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு என்னிடம் கூட்டி வந்தபோது, அந்தப் பொருக்கின் அடியில் சீழ் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது.

இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. மிச்சமிருந்த காலைக் காப்பாற்றியது எது என்று கேட்டால், நாள்தோறும் செத்த சதையை வெட்டி எடுத்ததும், சலைன் ஊற்றிக் கழுவியதும்தான் என்பேன். மூன்றாம் நாள் பெரியவருக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன தம்பி, இம்புட்டு நேரமா வெறும் தண்ணியத்தான ஊத்துதிய? மருந்து ஒண்ணும் போடலியா?"

இந்தக் கட்டுரையே அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்தான். அன்று அவருக்கு இவ்வளவு விளக்கமாகச் சொல்ல நேரமில்லை.

வியன்னாவில் ஓர் இரண்டு மாதம்

கழுவுதலின் கதை கையிலிருந்து தொடங்குகிறது. 1840-களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்றதில் மருத்துவச்சிகள். படித்தவர்கள் பார்த்த முதல் பிரிவில்தான் பிரசவ ஜன்னியால் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள். ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து பேர். இரண்டாவது பிரிவில் நான்கு. ஊர்ப் பெண்களுக்கு இது தெரியும். முதல் பிரிவுக்கு அனுப்பாதீர்கள் என்று காலில் விழுந்து கெஞ்சியிருக்கிறார்கள்.

அங்கே வேலை பார்த்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரி நாட்டு மருத்துவருக்கு விடை கிடைத்தது ஒரு நண்பரின் சாவில். 1847-இல் பிணப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி அந்த நண்பரின் விரலில் பட்டுவிட்டது. பிரசவ ஜன்னியில் இறந்த தாய்மார்களின் உடலில் கண்ட அதே மாறுதல்களோடு அவரும் இறந்தார். அப்படியானால் சவக்கிடங்கிலிருந்து ஏதோ ஒன்று கை வழியாகப் பிரசவ அறைக்குப் போகிறது. மருத்துவச்சிகள் சவக்கிடங்குக்குப் போவதில்லை, மாணவர்கள் போகிறார்கள். அந்த மே மாதத்தில் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பிறகுதான் தாய்மாரைத் தொட வேண்டும் என்று ஆணையிட்டார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2 சதவீதமாக இறங்கியது.

கிருமி என்ற சொல்லே அப்போது மருத்துவத்தில் இன்றைய பொருளில் கிடையாது. காரணம் காட்ட முடியாததால் பெரிய மனிதர்கள் அவரை ஏற்கவில்லை. கனவான்களின் கை அழுக்காக இருக்கும் என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? மனம் நொந்து, பேச்சிலும் எழுத்திலும் வெறிகொண்டு, கடைசியில் ஒரு மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு 1865 ஆகஸ்ட் 13-ஆம் தேதி இறந்தார். உடம்பில் இருந்த புண் சீழ்பிடித்து, அந்த நஞ்சு ரத்தத்தில் கலந்ததால் வந்த சாவு அது.

அதற்கு முதல் நாள், ஆகஸ்ட் 12 அன்று, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு முறிந்து தோலும் கிழிந்த 11 வயதுப் பையனின் காயத்தில் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். அந்தக் காலத்தில் எலும்பு வெளியே தெரியும் முறிவு என்றால் காலை எடுப்பார்கள், அல்லது ஆளே போய்விடுவார். பையனுக்குச் சீழ் பிடிக்கவில்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. அழுகுவதற்குக் காரணம் நுண்ணுயிர்கள் என்று பாஸ்டர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் லிஸ்டர் இதைச் செய்தார். செம்மல்வைஸுக்குக் கிடைக்காத காரணம் இவருக்குக் கிடைத்திருந்தது. இரண்டு தேதிகளும் இப்படி ஒட்டி வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு மாதிரி இருக்கும்.

எரிவது எல்லாம் மருந்தா?

லிஸ்டருக்குப் பிறகு உலகம் மறுகோடிக்குப் போனது. கிருமியைக் கொல்லும் திரவத்தை எவ்வளவு காரமாக ஊற்றுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் வந்துவிட்டது. நம் வீடுகளில் இன்றும் அந்த எண்ணம்தான். டிங்சர் வைத்தால் "ஸ்ஸ்" என்று எரிய வேண்டும், எரிந்தால்தான் வேலை செய்கிறது. சின்ன வயதில் முழங்கால் சிராய்ப்புக்கு அழுதால், "எரியட்டும், கிருமி சாகுது" என்று அம்மா சொன்னது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

முதல் உலகப் போர் அந்த எண்ணத்தை உடைத்தது. பிரான்சில் பூலோன் ஊரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ ஆய்வுக்கூடத்தில் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் வேலை பார்த்தார். பின்னாளில், 1928-இல், பெனிசிலினைக் கண்டறிந்தவர்தான் இவர். குண்டுச் சிதறல் கிழித்த புண் சமதளமாக இருப்பதில்லை. பொந்தும் சந்துமாக ஓடும். நம் மொழியில் "புரையோடிய புண்" என்கிறோமே, அதுவேதான். இப்போது அந்தச் சொல்லை ஊழலைப் பற்றித்தான் அதிகம் பயன்படுத்துகிறோம்! ஃபிளெமிங் ஒரு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி அதில் முட்கள்போலப் பல பொந்துகளை இழுத்துவிட்டார். அதுதான் அவருடைய செயற்கைப் புண். அதில் கிருமி கலந்த திரவத்தை ஊற்றி, பிறகு கிருமிநாசினியை நிரப்பிக் கழுவினார். பொந்துகளின் முனையில் கிருமிகள் சுகமாக உயிரோடு இருந்தன. நோயாளியின் புண்ணிலோ நிலைமை இன்னும் மோசம். கிருமிநாசினி ஆழத்துக்குப் போகவில்லை, ஆனால் கிருமியோடு சண்டை போட வந்திருந்த வெள்ளணுக்களைக் கொன்றுவிட்டது. வீட்டுக்காரனை அடித்துவிட்டுத் திருடனை விட்டுவைத்த கதை.

அதே போரில் பிரான்சின் காம்பியேனில் அலெக்சிஸ் கரேல், ஹென்றி டேக்கின் இருவரும் வேறு வழியில் போனார்கள். புண்ணுக்குள் பல ரப்பர் குழாய்களைச் செருகி, மிகவும் நீர்த்த ஹைப்போகுளோரைட் கரைசலைக் குறித்த நேர இடைவெளியில் திரும்பத் திரும்ப விட்டார்கள். அதோடு செத்த சதை, துணித் துண்டு, மண் எல்லாவற்றையும் முதலில் வெட்டி அகற்றினார்கள். பெல்ஜிய நாட்டு மருத்துவர் அந்த்வான் தெபாஜும் இதையே வற்புறுத்தினார். வெட்டு, கழுவு, உடனே தைத்து மூடாதே, நாலைந்து நாள் திறந்து வைத்துச் சுத்தமானதும் மூடு. நூறாண்டு கழிந்த பிறகும் விபத்துப் பிரிவில் மண்ணோடு வரும் காயத்துக்கு இதுதான் நெறி.

ஏன் இப்படி என்று சற்று விளக்குகிறேன். நாம் விழுங்கும் மாத்திரையும் கையில் ஏற்றும் ஊசியும் ரத்தத்தின் வழியாகத்தான் புண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். செத்த சதைக்கு ரத்த ஓட்டம் கிடையாது. ஆகவே எவ்வளவு விலை உயர்ந்த ஆன்டிபயாடிக்காக இருந்தாலும் வாசலோடு நின்றுவிடும். கிருமிகளோ அந்தச் செத்த சதையையே சாப்பாடாகவும் வீடாகவும் வைத்துக்கொள்கின்றன. நாள்பட்ட புண்ணில் அவை கூட்டமாகச் சேர்ந்து வழவழப்பான ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. குளத்துப் படியில் படியும் பாசியை நினைத்துக்கொள்ளுங்கள். பாசியின் மேல் மருந்து தெளித்தால் போகாது, தேய்த்துக் கழுவினால்தான் போகும்.

புண்ணுக்குள் கிடக்கும் அன்னியப் பொருள் எவ்வளவு கெடுதல் என்பதற்கு 1957-இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வு சான்று. தாங்களாக முன்வந்தவர்களின் தோலுக்குள் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். சீழ் பிடிக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டு நூல் தையல் இருந்தால் சில நூறே போதுமாயிருந்தன. நூலுக்கே இந்தக் கதி என்றால் தெருமண்ணுக்கும், காபிப் பொடிக்கும், பவுடர் பொருக்குக்கும் சொல்லவா வேண்டும்?

எதை ஊற்றுவது, எப்படி ஊற்றுவது

மருத்துவமனையில் ஊற்றுவது பெரும்பாலும் சலைன், அதாவது ஒரு லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு சேர்ந்த கிருமியற்ற நீர். உடம்பின் நீரோடு ஒத்துப்போகும், எரியாது, அணுக்களைக் கொல்லாது. சாதாரண வெட்டுக்காயத்துக்குக் குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரே போதும், சலைனைவிட அதிகமாகச் சீழ் பிடிப்பதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் தொகுப்பு சொல்கிறது. நம் ஊர்களில் குழாய்த் தண்ணீர் எல்லா இடத்திலும் நம்பக்கூடியதாக இல்லை. கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீர் உத்தமம். ஆனால் அடிபட்ட அந்த நிமிஷத்தில் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம், குழாயைத் திறந்து காட்டுங்கள்.

அளவும் வேகமும் முக்கியம். பஞ்சில் நனைத்து ஒற்றி எடுத்தால் கழுவியதாகாது. 20 மில்லி சிரிஞ்சில் 18-ஆம் எண் ஊசியை மாட்டிப் பீய்ச்சினால் ஒட்டியிருக்கும் மண்ணும் கிருமியும் பெயர்ந்து வரும், நல்ல சதை கெடாது. நம் நாட்டு வார்டுகளில் சலைன் பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, பாட்டிலைப் பிசைந்து பீய்ச்சுவார்கள். எளிய வழி, நல்ல வழி. காயத்தின் நீளத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 50 முதல் 100 மில்லி என்று கணக்கு சொல்வார்கள். நான்கு சென்டிமீட்டர் காயத்துக்குக் கிட்டத்தட்ட அரை லிட்டர் வரை போகும். "இவ்வளவு தண்ணியா?" என்று கேட்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வலிக்கும் காயமானால் மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகே கழுவ வேண்டும். வலியில் ஆள் துடித்தால் அவசரமாகக் கழுவி அரைகுறையாக முடித்துவிடுவோம்.

அழுத்தம் அதிகமானால் இன்னும் நல்லதோ என்ற கேள்விக்கு 2015-இல் ஒரு பெரிய ஆய்வு பதில் சொன்னது. தோல் கிழிந்து எலும்பு முறிந்த ஏறத்தாழ 2,400 பேர் அதில் சேர்ந்தார்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நார்வே நாடுகளோடு இந்திய மருத்துவமனைகளும் பங்கேற்றன. மின்கருவி வைத்து வேகமாகப் பீய்ச்சினாலும், பாட்டிலை உயரத்தில் தொங்கவிட்டு மெதுவாக ஊற்றினாலும் பலன் ஒன்றுதான். சோப்புக் கரைசலால் கழுவியவர்களுக்கோ மறுபடி அறுவை செய்ய வேண்டி வந்தது அதிகம், 14.8 சதவீதம். வெறும் சலைனில் கழுவியவர்களுக்கு 11.6 சதவீதம். பெரியவர் அன்று கேட்ட "வெறும் தண்ணி" ஜெயித்துவிட்டது!

அப்படியானால் கிருமிநாசினியே வேண்டாமா? அப்படியில்லை. இடம் தெரிந்து வைக்க வேண்டும். போவிடோன் அயோடின், குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹால் எல்லாம் காயத்தைச் சுற்றியுள்ள முழுத் தோலுக்கும், அறுவைக்கு முன் தோலைத் தயார் செய்வதற்கும் உரியவை. தடவியதும் துடைத்துவிடாமல் காய விட வேண்டும், அந்த நேரத்தில்தான் அவை வேலை செய்கின்றன. கடுமையாகக் கிருமி தொற்றிய புண்ணில் சில நாள் அயோடின் கட்டுப் போடுவதுண்டு. சுத்தமாகிச் சிவப்பாக, குருணை குருணையாகப் புதுச்சதை வளரும் புண்ணில் அதைத் தினமும் ஊற்றினால் முளைத்த நாற்றின் மேல் களைக்கொல்லி அடிப்பதுபோல. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து நோயாளிகளுக்கு ஒரு திருப்தி. பொங்குவது கிருமி சாவதால் அல்ல. நம் ரத்தத்திலும் சதையிலும் உள்ள ஒரு நொதி அதை உடைத்து ஆக்ஸிஜனை வெளிவிடுகிறது, அவ்வளவுதான். ஆழமான மூடிய பொந்தில் அதை ஊற்றினால் வாயுக் குமிழ் ரத்தக்குழாய்க்குள் போய் ஆபத்தாவதும் உண்டு. கலக்காத டெட்டால் தோலையே பொசுக்கும். பள்ளிக்கூடத்துச் "சிவப்பு மருந்து" நினைவிருக்கிறதா? மெர்க்குரோகுரோம். அதில் பாதரசம் இருந்தது.

இன்னொரு பழைய நம்பிக்கை: "கட்டாதே, காத்துப் படட்டும், காயட்டும்." தமிழில் புண் ஆறுகிறது என்கிறோம், காய்ந்துவிட்டது என்றும் சொல்கிறோம். முதல் சொல் சரி, இரண்டாவது கொஞ்சம் ஏமாற்றும். 1962-இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் செய்து காட்டியபடி, ஈரப்பதம் காக்கும்படி மூடிய காயத்தில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் வளர்கிறது. பொருக்குத் தட்டிய புண்ணில் புதுத்தோல் அந்தப் பொருக்கின் அடியில் வழி தேடி நகர வேண்டியிருக்கிறது. ஈரம் என்றால் நசநசவென்று ஊறுவது அல்ல. நனைந்து நாறும் கட்டை மாற்றத்தான் வேண்டும். ஒட்டிப்போன துணியை வெடுக்கென்று பிடுங்கினால் அன்று முளைத்த தோலும் கூடவே வந்துவிடும். சலைன் ஊற்றி ஊற வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

மருந்து பாட்டிலுக்குள் கிருமி

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு மருத்துவமனையின் வார்டில் (பெயர் வேண்டாம்) வரிசையாகப் பல நோயாளிகளுக்குப் பச்சை நிறத்தில் சீழ். ஒரு மாதிரி இனிப்பு வாடை. சூடோமோனாஸ் கிருமியின் அடையாளம் அது. விலை கூடிய ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிப் போட்டோம். எங்கள் தலைமை மருத்துவர் ஒருநாள் டிரஸ்ஸிங் டிராலியில் இருந்த ஆன்டிசெப்டிக் பாட்டிலைக் கையில் எடுத்தார். அடியில் கொஞ்சம் இருக்கும்போதே மேலே புதுசை ஊற்றி நிரப்புவது அங்கே வழக்கம். பாட்டிலைக் கழுவி எத்தனை மாதமோ! மூடி கார்க். அந்தத் திரவத்தையே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். கிருமியைக் கொல்ல வைத்திருந்த மருந்திலேயே கிருமி வளர்ந்திருந்தது. காலையில் ஒவ்வொரு நோயாளியின் புண்ணுக்கும் நாங்களே அதைப் பரிமாறிக்கொண்டிருந்தோம். பாட்டில்களைத் தூக்கி எறிந்து, சிறு சிறு அளவில் தேதி எழுதி வைக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பச்சை ஓய்ந்தது.

கையும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் சொன்ன கணக்கு: ஆல்கஹால் திரவமானால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கண்ணுக்குத் தெரியும் அழுக்கிருந்தால் சோப்புதான். ஒரு நோயாளியின் கட்டை அவிழ்த்த கையுறையோடு அடுத்த கட்டிலுக்குப் போனால் கையுறை போட்டும் பயனில்லை. கட்டிலருகே நிற்கும் உறவினர், "சிஸ்டர், கை கழுவிட்டீங்களா?" என்று கேட்டால் மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். வெளியூரில், அரைகுறை இந்தியில், இன்னும் தயக்கம். தயங்காமல் கேளுங்கள். பார்க்க வருகிறவர்களும் கட்டிலில் உட்காராமல், கட்டைத் தொட்டுப் பார்க்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிரசாத விபூதி நெற்றியோடு நிற்கட்டும். கட்டின் மேல் தூவி விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

அறுவைக்கு முதல் நாள் ராத்திரி நாவிதர் வந்து வயிறு முழுக்க மழித்துவிட்டுப் போவது ஒரு காலத்தில் எல்லா மருத்துவமனைகளிலும் சடங்கு. சவரக் கத்தி கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறல் போடும், விடிவதற்குள் அதில் கிருமி குடியேறும். 1971-இல் வந்த ஓர் ஆய்வில் மழித்தவர்களுக்கு 5.6 சதவீதமும், மழிக்காதவர்கள் அல்லது களிம்பால் முடி நீக்கியவர்களுக்கு 0.6 சதவீதமும் சீழ் பிடித்தது. 2016-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறையும் மழிக்க வேண்டாம் என்றே சொல்கிறது. தேவையானால் கிளிப்பரால் வெட்டலாம். ஆன்டிபயாடிக்கை வெட்டுவதற்கு முந்திய இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், முடிந்தபின் "எதுக்கும் இருக்கட்டும்" என்று நாள் கணக்கில் நீட்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. வீட்டுக்குப் போகும்போது, "டாக்டர் மாத்திரையே எழுதலை" என்று குறைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஊசி பற்றியும் ஒரு குழப்பம். "டெட்டனஸ் ஊசி போட்டாச்சு, இனி செப்டிக் ஆகாது" என்பார்கள். அந்த ஊசி ரண ஜன்னியை மட்டும் தடுக்கும். சாதாரணச் சீழுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முன்பு முறையாகப் போட்டுக்கொண்டவர்களுக்குச் சுத்தமான சிறு காயமானால் பத்து ஆண்டுக்கு ஒருமுறை போதும். மண்ணும் சாணமும் பட்ட காயமானால் ஐந்தாண்டு தாண்டியிருந்தால் போட வேண்டும். கடைசியாகப் போட்ட தேதியை வீட்டில் எங்காவது எழுதி வையுங்கள்.

நாய்க்கடியில் கழுவுதல் முதலுதவி மட்டுமல்ல, சிகிச்சையின் முதல் பாகமே அதுதான். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம். வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். மேலே சொன்ன சோப்பு ஆய்வு எலும்பு முறிவுக்கு, நாய்க்கடிக்கு அல்ல. மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். பெரும்பாலும் தைக்கவும் மாட்டார்கள். கழுவி முடித்ததும் தடுப்பூசிக்கு ஓட வேண்டும். கழுவியதால் ஊசி வேண்டாம் என்று ஆகாது.

வலிக்காத கால்

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கும் மேல். இவர்களில் பலருக்குப் பாதத்தின் நரம்பு மரத்துப்போகிறது. வலி என்ற காவல்காரன் இல்லாத வீடு அது. பெரியவர் கொதிக்கும் கல்லில் நடந்தும் உணராதது அதனால்தான்.

இந்த உண்மையை உலகுக்குத் தெளிவாகக் காட்டியதில் வேலூருக்குப் பங்கு உண்டு. பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அதுவரை நினைத்திருந்தார்கள். பிராண்ட் உட்கார்ந்து கவனித்தார். வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், ஆணி குத்திய காலோடு நடக்கிறார்கள், ராத்திரி எலி கடிப்பதுகூடத் தெரிவதில்லை. அதே புண்ணைச் சுத்தம் செய்து, மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறியது. கெட்ட சதை என்று ஒன்று இல்லை. பாதத்துக்கு மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு அவருடைய காலத்தில் தொழுநோயாளிகளுக்காக வந்தது, இன்று சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்கிறார்கள்.

ஆகவே சர்க்கரைக்காரர் காலில் "வலிக்கலையே" என்பது நல்ல செய்தி அல்ல. தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், முடியாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும். ஆணிக்காலை பிளேடால் சீவக் கூடாது. வெந்நீரில் கால் வைக்கு முன் வேறொருவர் சூடு பார்க்க வேண்டும். புண் வந்துவிட்டால் சுற்றியுள்ள சிவப்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றே மருத்துவமனை. தொடை இடுக்கில் நெறி கட்டினாலும், காய்ச்சல் வந்தாலும், நாற்றம் அடித்தாலும் அப்படியே. இதில் எதுவும் இல்லாத வெறும் புண்ணுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை தேவையில்லை. அதைக் கழுவி, அழுத்தம் படாமல் வைத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் ஆறும்.

பெரியவருக்குப் பதினெட்டு நாள் கழுவினோம். புண் சிவந்து சுத்தமான பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினோம், பிடித்துக்கொண்டது. இப்போது ரப்பர் செருப்பு போட்டுக்கொள்கிறார், அதையும் உதறிப் பார்த்துவிட்டுத்தான். கோயிலுக்கு வெயில் ஏறுவதற்கு முன்பே தடித்த சாக்ஸோடு போய்விடுகிறாராம். ஊருக்கு ரயில் ஏறுகிற அன்று மகனிடம், சலைன் பாட்டில் இரண்டும் ஒரு பெரிய சிரிஞ்சும் வாங்கிப் பையில் வைக்கச் சொல்லியிருக்கிறார். எதற்கப்பா என்று கேட்டதற்கு, "நம்மூரு கம்பவுண்டர்ட்ட காட்டணும்லா" என்றாராம்.